பேசாத ராஜாவும் பம்பாய் பஸ்ஸும்

நாலு வயது தாண்டிய பிள்ளை எதற்காக வாயைத் திறக்காமலேயே இருந்தான்? பம்பாய்க்குப் போய்த் திரும்பிவிட்டோம், மனப்பாரம் பெரும்பாலும் இறங்கிவிட்டது. ஆனாலும் இந்தக் கேள்விக்கு எனக்கு இன்னும் பதில் தெரியாது.

நாங்கள் மலாயாவில், ஈப்போவில் இருப்பவர்கள். என் கணவர் அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தா. ரவி பிறக்கும்வரை நான் ஆரம்பப் பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்தேன். வீட்டில் தமிழ், பக்கத்து வீட்டில் சீனம், காய்கறிக்காரரிடம் மலாய், என் கணவர் ஆசைப்பட்டதால் சாப்பாட்டு மேசையில் ஆங்கிலம். இவ்வளவு பேச்சுக்கு நடுவில் ரவி மட்டும் பேசவில்லை. ஒரு டாக்டர், "ஒரே மொழியில் பேசுங்கள்" என்றார். இன்னொருவர், காதில் கோளாறாக இருக்கலாம் என்றார். மூன்றாமவர் என் முதுகைத் தட்டி, "தானாகப் பேசுவான்" என்றார். மூவரையும் நம்பினேன். மூவர் மேலும் சந்தேகமும் பட்டேன்.

அக்கா கல்யாணமாகிப் பம்பாயில் செம்பூரில் இருக்கிறாள். மாட்டுங்காவில் ஒரு டாக்டர், காது கேளாத, பேச்சு வராத குழந்தைகளுக்குத் தங்கிப் படிக்கும் பள்ளி நடத்துவதாக எழுதியிருந்தாள். ஓர் இடம் காலியாக இருந்தது. டாக்டர் பார்த்து, சேர்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டால் ரவியை அங்கே விட்டுவிட்டு நான் மட்டும் திரும்ப வேண்டும். "அவர் சொன்னால் விட்டுட்டு வந்துடு" என்றார் என் கணவர், பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்காமல். அன்று அவர் அந்தப் பக்கத்தைத் திருப்பவே இல்லை. பெட்டியில் ரவியின் துணிகளை இரண்டு கட்டாகக் கட்டினேன். ஒன்று பயணத்துக்கு. இன்னொன்றைப் பெட்டியின் அடியில், கண்ணில் படாதபடி வைத்தேன்.

கிளம்புமுன், கான்வென்டில் எனக்குப் பாடம் சொன்ன அயர்லாந்துக்கார சிஸ்டரைப் பார்க்கப் போனேன். அவர் ரவிக்கு ஒரு பிஸ்கட் கொடுத்துவிட்டு, "எங்கள் ஊரில் ஒரு ராஜாவே பேசாமல்தான் வளர்ந்தார், தெரியுமா?" என்று ஆரம்பித்தார்.

அந்தச் சிறுவன் பெயர் மோயன். அவன் தாத்தா ராஜா. தாத்தாவின் சொந்தச் சகோதரனே பொறாமையில் அவரைக் கொன்று, மோயனின் அப்பாவையும் கொன்றான். அதோடு விடாமல், இறந்தவர்களின் இருதயத்தில் ஒரு துண்டைச் சிறுவனைத் தின்னச் செய்தான். அந்த அருவருப்பில் பிள்ளையின் பேச்சு நின்றுபோனது. பேச்சில்லாதவன் ராஜாவாக முடியாது என்பது அந்தக் காலத்து வழக்கம். அதனால் இவனால் ஆபத்தில்லை என்று அந்தக் கொலைகாரன் இவனை உயிரோடு விட்டுவிட்டான். வருஷங்கள் கழித்து, ஹாக்கி போன்ற ஓர் ஆட்டத்தில் யாரோ வீசிய கட்டை மோயனின் முழங்காலுக்குக் கீழே பட்டது. "எனக்கு அடிபட்டுவிட்டது!" என்று கத்தினான். அவன் பேசிய முதல் பேச்சு அதுதான். கூட விளையாடியவர்கள் எல்லோரும், "மோயன் பேசுகிறான்!" என்று கூவினார்கள். அவர்கள் மொழியில் "பேசுகிறான்" என்பதற்கு லாவ்ரா. அதுவே பெயராக நிலைத்துவிட்டது. பின்னால் அவன் படையோடு வந்து ராஜ்ஜியத்தைப் பிடித்தான்.

"பழைய துறவிகள் எழுதிவைத்த கதை. எவ்வளவு நிஜம் என்று என்னைக் கேட்காதே" என்றார் சிஸ்டர். எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னார். நான் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து வேறு மாதிரி மென்றுகொண்டிருந்தேன். அந்தப் பிள்ளை கொடுமையைப் பார்த்தான், சரி. என் பிள்ளை எதைப் பார்த்தான்? நான் எதை ஊட்டினேன்? எதிர்வீட்டு நாய் ஒருநாள் பாய்ந்ததே, அதுவா? காய்ச்சலில் மூக்கைப் பிடித்துக் கசாயம் புகட்டினேனே, அதுவா?

பம்பாயில் இறங்கிய அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் கூட்டம்தான். ஈப்போவில் திருவிழாவுக்குக் கூடுவது இங்கே ஒரு ரயில் நிலையத்தின் சாதாரணச் சாயங்காலம். அக்கா வீடு இரண்டு அறை. ஜன்னலைத் திறந்தால் தென்னை மரம் தெரிகிறது, எண்ணெய் ஆலையின் வாடையும் வருகிறது. அத்தான் டிராம்பேயில் ஒரு தொழிற்சாலையில் வரைபடம் போடுகிறவர். எதற்கும் ஒரு கேலி வைத்திருப்பார்.

"கோப்பி வேணுமான்னு கேக்கறா உன் தங்கை. அது என்ன பறவை?" என்றார் முதல் நாளே.

"எங்க ஊர்ல அப்படித்தான் சொல்வோம் அத்தான்."

"இங்க காபின்னு கேட்டாத்தான் கிடைக்கும். கோப்பின்னு கேட்டா போலீஸ் பிடிச்சிண்டு போயிடுவான்."

ரவி சிரித்தான். அவனுக்குக் கேலி புரிகிறது, பாருங்கள். ஆனால் சிரிப்பும் சத்தமில்லாத சிரிப்பு.

மறுநாள் அக்காவோடு மாட்டுங்காவுக்குப் போய் டாக்டரிடம் நாள் கேட்டோம். அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். அங்கே பாதிக் கடைகளில் தமிழ். வாழையிலை, மல்லிகைப்பூ, அப்பளக் கட்டு, எல்லாம் இருக்கிறது. மலாயாவில் தமிழன் கடை என்றால் ஒரு தெருவில் ஒன்று. இங்கே ஒரு பேட்டையே. ஆனால் ரவிக்குக் கடை, பூ எதுவும் பொருட்டில்லை. அவனுக்குப் பஸ்தான். எங்கள் ஊர்ப் பஸ்ஸில் கண்டக்டர் முணுமுணுப்பார். பம்பாய்க் கண்டக்டரோ ஒரு தளபதி. டிக்கெட்டில் துளை போடும் கருவியை டிக் டிக் என்று தட்டிக்கொண்டே, தோல் பையைத் தள்ளிக்கொண்டு, "புடே சலா, புடே சலா" என்று கூவுகிறார். மராட்டியில் "முன்னே போங்கள்" என்று அர்த்தமாம். நிற்கிற ஜனம் முழுதும் நகர்கிறது. பிறகு மணிக் கயிற்றை இரண்டு தரம் இழுக்கிறார், அதுவரை அசையாத அவ்வளவு பெரிய வண்டி புறப்படுகிறது. ரவி கண்ணைக் கொட்டாமல் அவரையே பார்த்தபடி வந்தான். இறங்க வேண்டிய இடத்தில் தூக்கித்தான் இறக்கினேன்.

சாப்பிடும்போது ஒருநாள் அந்த ராஜா கதையைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. அத்தான் அடிபட்ட இடத்தை மட்டும் பிடித்துக்கொண்டார்.

"ராஜாவுக்கே ஒரு அடி வேண்டியிருந்திருக்கு. நம்ம மகாராஜாவுக்கு ஒண்ணு போட்டுப் பார்த்தால் என்ன?"

"கையை வெச்சுப் பாருங்க, அப்புறம் உங்களுக்குச் சோறு கிடையாது" என்றாள் அக்கா.

அத்தான் அடிக்கவில்லை. ஆனால் மறுநாள் காலையில், காகிதப் பையை ஊதி ரவியின் பின்னால் நின்று பட்டென்று வெடித்தார். பிள்ளை தூக்கிவாரிப் போட்டுத் திரும்பினான். உதடு துடித்தது. சத்தம் வரவில்லை. ஓடி வந்து என் புடவையில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். "காது கேக்கறது, பார்த்தியா? நல்ல சேதிதானே?" என்றார் அத்தான். முகம் மட்டும் வெளுத்திருந்தது. நான் சமையலறைக்குள் போய்விட்டேன். நல்ல சேதிதான். எனக்கு ஏன் அழுகை வந்தது என்று தெரியவில்லை. அன்று சாயங்காலம் அவர் ஒரு பெரிய பொட்டலம் உருளைக்கிழங்கு வடை வாங்கி வந்து, யாரையும் பார்க்காமல் மேசைமேல் வைத்தார். பாவ் என்கிற ரொட்டிக்கு நடுவில் வைத்துத் தின்பதாம். எண்ணெயும் காரமும் தாராளம். நான் மூன்று தின்றேன்.

டாக்டரைப் பார்ப்பதற்கு முந்தின நாள் எனக்கு வேறொரு வேலை இருந்தது. எங்கள் ஈப்போ மளிகைக் கடை பாய், தாராவியில் தோல் பெட்டிப் பட்டறை வைத்திருக்கும் தம் அண்ணன் காசிம் பாய்க்கு ஒரு பார்சல் கொடுத்திருந்தார். ஜாதிக்காய் மிட்டாயும் ஒரு சட்டைத் துணியும். அக்காவுக்குக் காய்ச்சல். நானும் ரவியும் தனியாகக் கிளம்பினோம். பஸ் எண்ணை இந்தியில் எழுதியிருந்ததால் தவறானதில் ஏறி, மாஹிமில் போய் இறங்கினேன். மீன்கூடையோடு உட்கார்ந்திருந்த ஓர் அம்மாளிடம் "தாராவி?" என்றேன். அவர் மராட்டியில் நீளமாக ஏதோ சொல்லி, நான் விழிப்பதைப் பார்த்து, தலையில் அடித்துக்கொண்டு சிரித்து, எழுந்து வந்து தெருமுனைவரை கூட்டிப்போய்க் கையைக் காட்டிவிட்டுப் போனார். என் கை நாள் முழுக்க மீன் மணத்தது.

காசிம் பாய் வெளியே போயிருந்தார். கீழே பட்டறை, மேலே வீடு. அவர் மனைவி பாத்திமா பீவி ஏணிப்படியின் உச்சியில் நின்று வரவேற்றார்.

"வாங்க தங்கச்சி, வாங்க. மலேயாவுலேருந்து கொழுந்தன் அனுப்புன ஆளா? புள்ளைய கீழ விடுங்க, புள்ளைவொ வெளையாடுதுவொ."

"இல்லைங்க, அவன் என்கூடவே..."

அதற்குள் எட்டு வயது இருக்கும் ஒரு பெண், அவர்கள் மகள் ஜுபைதா, ரவியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள். எங்கள் தெருப் பிள்ளைகள் ஒருமுறை இவனை "ஊமை, ஊமை" என்று சுற்றி நின்று பாடினார்கள். அதிலிருந்து இவனை நான் பிள்ளைகளோடு விட்டதில்லை. எழுந்து எட்டிப் பார்த்தேன்.

"இருங்க தங்கச்சி. கடிச்சித் தின்னுற மாட்டாவ" என்று பாத்திமா பீவி என்னை உட்காரவைத்தார். வட்டலப்பம் வெட்டி வைத்தார். தேங்காய்ப்பாலும் முட்டையும் வெல்லமும் அளவாகச் சேர்ந்த வட்டலப்பம். ஊர் திருநெல்வேலிப் பக்கம், இங்கே வந்து இருபது வருஷமாகிறது, இன்னும் இந்தி தெரியாது, "தெரிஞ்சி என்னத்துக்கு, இந்தச் சந்துல யாரு இந்தி பேசுதா?" என்றார். நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். மனசு நாளைய டாக்டரிடம் இருந்தது. பெட்டியின் அடியில் இருக்கும் துணிக்கட்டிலும் இருந்தது.

கீழே யாரோ ஒரு பிள்ளை கத்திக்கொண்டிருந்தது. கரகரத்த, கட்டைக் குரல். யார் பெற்ற பிள்ளையோ, தொண்டை கட்டப்போகிறது என்று நினைத்தேன்.

பாத்திமா பீவி தேநீர் ஊற்றுவதை நிறுத்தினார். "அது யாரு சத்தம், தங்கச்சி?"

"தெரியலியே."

"இந்தச் சந்துல இருக்க புள்ளைவொ சத்தம் பூரா எனக்குத் தெரியும். இது எங்க புள்ளை சத்தம் இல்ல."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். ஏணியில் எப்படி இறங்கினேன் என்று நினைவில்லை.

பட்டறைக்கு வெளியே, தோல் பெட்டிகளை இரண்டு வரிசையாக அடுக்கி, அதில் ஏழெட்டுப் பிள்ளைகள் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ரவி நின்றான். கழுத்தில் தோல் வார். கையில் டிக்கெட்டுபோல வெட்டுத்தோல் துண்டுகள். முகம் சிவந்திருந்தது.

"புடே சலா!" என்றான் என் மகன். "புடே சலா!"

எல்லாப் பிள்ளைகளும் ஒரு பெட்டி முன்னே நகர்ந்தார்கள்.

"ரவி!" என்றேன். அவன் திரும்பினான். வாய் மூடிக்கொண்டது. "ரவி கண்ணா, இன்னொரு தரம் சொல்லு. அம்மாகிட்ட சொல்லு." தரையைப் பார்த்தான்.

ஜுபைதாவுக்குக் கோபம். "நீங்க பஸ்ஸுக்கு வெளிய நிக்கீங்க. வெளிய நிக்கவங்ககிட்ட கண்டக்டர் பேச மாட்டாரு."

"அவன் எப்போ பேசினான்? எப்படிப் பேசினான்?"

"மொதல்ல பேசல. சும்மா நின்னான். நாங்க உக்காந்தே இருந்தோம். கண்டக்டர் சொல்லாம பஸ்ஸு எப்படிப் போவும்? நம்ம அன்வர் ஒண்ணுக்கு வருதுன்னான், எறங்காதலேன்னு அவனையும் உக்கார வெச்சிட்டேன். பொறவு சொன்னான், போனோம்."

அவளுக்கு அதில் ஆச்சரியப்பட எதுவுமில்லை. பாத்திமா பீவி என் தோளைப் பிடித்துக்கொண்டு, "அல்லா, ஒங்க புள்ளை சத்தமா அது! ஒங்களுக்கே தெரியலியா?" என்றார். எனக்கு எப்படித் தெரியும்? அதற்கு முன் நான் அதைக் கேட்டதே இல்லை.

வீட்டுக்கு வந்து சொன்னபோது அக்கா படுக்கையிலிருந்து எழுந்து உட்கார்ந்தாள். அத்தான், "மராட்டியா? அடுத்த தேர்தல்ல நிக்கப்போறான்" என்றார். இருவரும் மாறி மாறிக் கெஞ்சினார்கள். ரவி ஒரு வார்த்தை பேசவில்லை. அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "நிஜமா அவன்தானா, கமலா? இல்ல உன் மனசு..." எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

டாக்டர் பாலக்காட்டுக்காரர், நரைத்த மீசை, நல்லவர், அவசரக்காரர். ரவியின் பின்னால் மணி அடித்தார், தாளம் தட்டினார், தட்டினால் ரீங்கரிக்கும் இசைக்கவையைக் காதோரம் பிடித்தார். சில நாள் முன்பு காகிதப் பைக்குத் துள்ளிய பிள்ளை, அன்று கல்லாய் இருந்தான். டாக்டர் பேனாவை எடுத்தார்.

"இப்பவே விட்டுட்டுப் போறது நல்லது. இழுத்துண்டே போனா குழந்தைக்குத்தான் கஷ்டம்."

"நேத்து பேசினான் டாக்டர்."

"எல்லா அம்மாவும் அதைத்தான் சொல்லுவா. என்ன பேசினான்? அம்மான்னானா?"

"புடே சலான்னான்."

டாக்டர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். நர்ஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள், சிரிப்பை மறைக்க. என் காதெல்லாம் சுட்டது. பிறந்ததிலிருந்து பெரியவர்கள் முன் குரல் உயர்த்தாதவள் நான். ஆனால் ரவியை விட்டுவிட்டுப் போக நேர்ந்தால் வேண்டுமே என்று எடுத்துவந்த அந்தத் துணிக்கட்டு அக்காவின் மடியில் இருந்தது.

எழுந்தேன். அறையிலிருந்த நாற்காலிகளை ஒன்றன்பின் ஒன்றாக இழுத்துப் போட்டேன். என் கைப்பையின் வாரை ரவியின் கழுத்தில் மாட்டினேன். முன் நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். அக்கா புரிந்துகொண்டு என் பின்னால் உட்கார்ந்தாள்.

"என்னம்மா இது?" என்றார் டாக்டர்.

"பஸ்" என்றேன்.

பிறகு நான் செய்ததுதான் மிகவும் கஷ்டமான காரியம். ஒன்றும் செய்யாமல் இருந்தேன். "சொல்லு கண்ணா" என்று நாக்கு நுனிவரை வந்தது, விழுங்கினேன். அவன் முகத்தைப் பார்க்கக்கூட இல்லை. பம்பாயில் பஸ்ஸில் போகிறவர்கள் எப்படி இருப்பார்களோ அப்படி, எதிரே சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே காத்திருந்தவர்கள் கதவிடுக்கில் எட்டிப் பார்த்தார்கள்.

"வெளியில பேஷன்ட்ஸ் நிக்கறா" என்றார் டாக்டர்.

"கண்டக்டர் சொல்லாம நாங்க நகர முடியாது டாக்டர்."

டாக்டர் பெருமூச்சு விட்டு, மேசையைச் சுற்றிக்கொண்டு கதவை நோக்கி நடந்தார். நாற்காலி வரிசைக்குக் குறுக்கே நின்றார். ரவி அவரை அண்ணாந்து பார்த்தான். வழியை மறிக்கும் பிரயாணியைக் கண்டால் கண்டக்டர் முகம் எப்படி மாறுமோ அப்படி மாறியது.

"புடே சலா!" என்றான், கையை நீட்டி. "டிக்கெட்!"

டாக்டரின் கை தானாகச் சட்டைப்பைக்குள் போனது. பாதி வழியில் நின்றது. அப்புறம் அவர் மெல்ல, எல்லோரையும்போல, நாலாவது நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டார். நர்ஸ் வாய்விட்டுச் சிரித்தாள். அக்கா மூக்கை உறிஞ்சும் சத்தம் பின்னாலிருந்து கேட்டது.

"கேக்கறது. பேச்சும் இருக்கு" என்றார் டாக்டர் அங்கே உட்கார்ந்தபடியே. "என் பள்ளிக்கூடத்துல இவனுக்கு வேலையில்லை. வீட்ல இவனுக்கு வேணுங்கறதை யாராவது கேக்கறதுக்கு முன்னாலேயே கொடுத்துடறேளோ?"

ஆமாம் என்று சொல்லத் தோன்றியது. அதுதான் காரணமா என்றும் தோன்றியது. தாய் பார்த்துப் பார்த்துச் செய்வது தப்பா?

வெளியே வந்து நடைபாதையிலேயே அக்கா அழுது தீர்த்தாள். பக்கத்துக் கடையில் பித்தளை டபராவில் காபி குடித்தோம். அப்படி ஒரு காபியை நான் குடித்ததில்லை. உண்மையில் கொஞ்சம் ஆறிப்போன காபிதான். அந்தத் துணிக்கட்டை அவிழ்த்து, அதிலிருந்த நீலச் சட்டையை அன்று சாயங்காலமே ரவிக்குப் போட்டுவிட்டேன். மீதி நாட்களில் தினமும் தாராவிக்குப் போனோம். மாஹிம் வழியாகச் சுற்றாமலே போகக் கற்றுக்கொண்டேன். ஜுபைதாவிடம் அவன் இன்னும் சில சொற்கள் சம்பாதித்தான். எல்லாம் கட்டளைகள். சில இந்தி, சில திருநெல்வேலி. ஒன்றை நான் இங்கே எழுத முடியாது.

ஈப்போ திரும்பியதும் சிஸ்டரைப் பார்த்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "யாரும் அடிக்கவில்லையே, நல்லது" என்றார். "அந்தக் கதையில் நீ அடியையே நினைத்துக்கொண்டிருந்தாய் போலிருக்கிறது. மோயன் பேசியதை முதலில் கேட்டது யார்? கூட விளையாடிய பையன்கள்தானே." நான் அதை அப்படி யோசித்ததில்லை. இப்போது வீட்டு வாசற்கதவைத் திறந்து வைக்கிறேன். தெருப் பிள்ளைகள் வருகிறார்கள். அரைமணிக்கு ஒருதரம் எட்டிப் பார்க்கிறேன், அதை மட்டும் நிறுத்த முடியவில்லை. ஊர் வந்த அன்று அவன் அப்பாவிடம் "டிக்கெட்!" என்றான். அவர் கையிலிருந்த பத்திரிகையைக் கீழே போட்டுவிட்டு அவனைத் தூக்கிக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

இனி வாசகர்களிடம், முக்கியமாகத் தாய்மார்களிடம், ஒன்று கேட்க வேண்டும். ரவி இப்போது பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பேர் சொல்லி அழைக்கிறான். பூனையை அதட்டுகிறான். அப்பாவை அப்பா என்கிறான். என்னை மட்டும் இன்னும் எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. வேண்டுமென்றால் வந்து என் புடவையை இழுக்கிறான், நான் எழுந்துவிடுகிறேன். புடவையை இழுத்தாலும் கேட்காததுபோல் உட்கார்ந்திருக்கலாமா? அவன் கூப்பிடும்வரை அசையாமல் இருக்கலாமா? ஒரு பஸ்ஸில் என்னால் முடிந்தது. வீட்டில், அவன் பசியோடு நிற்கும்போது முடியுமா என்று தெரியவில்லை. இப்படி இருந்து பார்த்தவர்கள் யாராவது இருந்தால், எத்தனை நாள் பொறுத்தீர்கள் என்று எழுதுங்கள். பொறுக்க வேண்டாம், போய்த் தூக்கிக்கொள் என்று சொல்வதானாலும் எழுதுங்கள். அதைத்தான் முதலில் படிப்பேன்.